சேவைக்கு நடுவே ஒரு லீவு

அன்புள்ள ஐயா,

ஒரு தன்னார்வ அமைப்பு மூலமாக மூன்று மாத சேவைக்கு வந்திருக்கிறேன். காலையில் கட்டட வேலை, மாலையில் பிள்ளைகளுக்கு வகுப்பு. போன சனி, ஞாயிறு எங்கள் குழுவுக்கு லீவு கொடுத்தார்கள். எல்லோரும் ஓர் ஏரிக்கரை விடுதிக்குப் போனோம். நன்றாகத் தூங்கினேன், நீந்தினேன், இங்கே வந்தபிறகு முதல்முறையாக வெந்நீரில் குளித்தேன். சந்தோஷமாகத்தான் இருந்தது. திரும்பி வந்ததும் ஒரு சிறுமி “எங்கே போயிருந்தீங்க அக்கா?” என்று கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை. நான் போட்ட படத்தைப் பார்த்து நண்பர் ஒருவர் “சேவைக்குப் போனியா, டூர் போனியா?” என்று எழுதினார். இங்கிருப்பவர்களுக்கு இப்படிப் போய் இளைப்பாற வசதி இல்லையே என்பது உறுத்திக்கொண்டே இருக்கிறது. அடுத்த லீவில் எங்கும் போகாமல் இங்கேயே வேலை செய்யலாம் என்று நினைக்கிறேன். சரிதானா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

வேண்டாம். லீவு எடுங்கள்.

சுவர் இருந்தால்தான் சித்திரம் என்று உங்களிடம் ஏற்கெனவே நாலு பேர் சொல்லியிருப்பார்கள். அது பொய்யில்லை. உழைத்து உழைத்து உடம்பும் மனமும் தீய்ந்துபோவதை ‘பர்ன்அவுட்’ என்று இன்று அலுவலகங்களில் ஓயாமல் பேசுகிறார்களே, அதைப் பற்றி ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர் என்ற உளவியலாளர் 1974-இல் எழுதிய கட்டுரை கம்பெனி ஊழியர்களைப் பார்த்து எழுதியதல்ல. பகலில் தன் தொழிலைப் பார்த்துவிட்டு இரவில் நியூயார்க்கில் ஓர் இலவச மருத்துவ மையத்தில் உழைத்தவர் அவர். தன்னையும் தன்னோடு அங்கே இருந்த தன்னார்வலர்களையும் பார்த்துத்தான் எழுதினார். அதிக ஈடுபாடு உள்ளவர்தான் முதலில் விழுகிறார் என்கிறார். எரிச்சல் வருகிறது, யார்மீதும் நம்பிக்கை போய்விடுகிறது, அப்புறம் ஒரு கட்டத்தில் அந்த ஆள் முன்பைவிட அதிக நேரம் அங்கேயே கிடக்கிறார், ஆனால் வேலை முன்பைவிடக் குறைவாகத்தான் நடக்கிறது. லீவிலும் வேலை செய்யலாமா என்று நீங்கள் கேட்டதைப் படித்ததும் எனக்கு இந்த இடம்தான் ஞாபகம் வந்தது.

இதையெல்லாம் தெரிந்துதான் பெரிய அமைப்புகள் ஓய்வை விதியிலேயே எழுதி வைத்திருக்கின்றன. கடினமான இடங்களில் இருக்கும் தன் ஊழியர்களுக்கு ஐ.நா. சில வாரங்களுக்கு ஒருமுறை 5 வேலைநாள் ஓய்வு கொடுக்கிறது, பயண நேரம் தனி. வெளிநாடுகளுக்குச் சேவை செய்ய ஆள் அனுப்ப 1961-இல் தொடங்கிய அமெரிக்க அரசின் பீஸ் கோர் அமைப்பில் தன்னார்வலர்களுக்கு மாதத்துக்கு 2 நாள் விடுப்பு உண்டு. கேட்டு வாங்க வேண்டிய சலுகையாக யாரும் இதை வைத்திருக்கவில்லை.

ஆனால் இந்தப் பதில் எனக்கே போதவில்லை. இதன்படி உங்கள் தூக்கம்கூட சேவைக்கு எண்ணெய் போடுகிற வேலைதான், திங்கட்கிழமை இன்னும் நன்றாக உழைப்பேன் என்று சத்தியம் செய்தால்தான் ஏரியில் இறங்கலாம் என்று ஆகிவிடுகிறது. விட்டுத்தள்ளுங்கள். நீந்தினீர்கள், பிடித்திருந்தது. அதற்குக் கணக்கு ஒப்படைக்க வேண்டாம்.

உங்கள் கடிதத்தில் இல்லாத ஒரு விஷயத்தைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல விரும்புகிறேன். லீவு உங்களுக்கு மட்டும் கொடுத்ததல்ல. நீங்கள் அங்கே விருந்தாளியும்கூட. உங்களுக்குத் தண்ணீர் வந்ததா, சாப்பாடு ஒத்துக்கொண்டதா, இருட்டில் தனியாகப் போகிறீர்களா என்று யாரோ ஒருவர் தினமும் கவலைப்பட்டுக்கொண்டிருக்கிறார். வீட்டில் தங்கவைத்தவர்கள் உங்கள் முன்னால் குரல் உயர்த்திச் சண்டை போடக்கூட முடியாமல் இருப்பார்கள். ஒருங்கிணைப்பாளர், வண்டி ஓட்டுபவர், சமையல் செய்பவர், பக்கத்தில் நின்று மொழிபெயர்ப்பவர் என்று உங்கள் ஒவ்வொரு வேலைநாளுக்குப் பின்னாலும் அந்த ஊர்க்காரர்களின் வேலைநாள் ஒன்று இருக்கிறது. நீங்கள் இரண்டு நாள் ஏரிக்குப் போனபோது அந்த ஊரும் உங்களிடமிருந்து லீவு எடுத்துக்கொண்டது. நல்ல மனிதர்களாக இருப்பதால் சொல்லமாட்டார்கள், அவ்வளவுதான்.

வசதி இல்லையே என்று எழுதியிருக்கிறீர்கள். வேறுபாடு இருக்கிறது, அதை மழுப்ப வேண்டியதில்லை. ஆனால் அது ஏரிக்கரையில் உண்டானதல்ல. எப்போது வேண்டுமானாலும் கிளம்பிவிடலாம் என்ற வசதியோடுதானே நீங்கள் அங்கே போய் இறங்கினீர்கள்? இரண்டு நாள் கூடுதலாகச் செங்கல் சுமந்தால் அது குறையப்போவதில்லை. இன்னொன்று, அவர்களுக்கு ஓய்வே கிடையாது என்று நினைப்பதும் ஒருவகையில் மேலிருந்து பார்ப்பதுதான். வேலை முடிந்ததும் திண்ணையில் உட்கார்ந்து பேசுகிறார்கள், சிரிக்கிறார்கள், மத்தியானம் தூங்குகிறார்கள். விடுதிக்குப் போனால்தான் ஓய்வா என்ன?

அந்தச் சிறுமிக்கு உள்ளதைச் சொல்லுங்கள். ஏரிக்குப் போனேன், நீந்தினேன், தண்ணீர் ஜில்லென்று இருந்தது. நீங்கள் குற்றச்சாட்டாகக் கேட்டுக்கொண்டீர்கள், அவள் கதை கேட்டாள்.

நண்பருக்குப் பதில் எழுதிக்கொண்டிருக்க வேண்டாம். ஆனால் அவர் கேள்வி முழுக்கத் தப்பில்லை. ஒன்றிரண்டு வாரப் பயணத்தில் பாதியை ஊர் சுற்றுவதில் கழித்துவிட்டு, பிள்ளைகளோடு நின்று எடுத்த நாலு படத்தைப் போட்டு சேவை என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்க வேண்டிய கேள்வி உங்களிடம் வந்துவிட்டது.

ஒரே ஒரு யோசனை. குழுவாகப் போகும்போது வேலைப் பேச்சை விட்டுவிட்டுப் போங்கள். யார் சரியாகச் செய்யவில்லை, அடுத்த வாரம் எந்தச் சுவர் என்று ஏரியில் மிதந்துகொண்டே பேசினால் அது ஈரமான மீட்டிங். மனம் வேலையிலிருந்து விலகாவிட்டால் உடம்பு சும்மா இருந்தும் சோர்வு அவ்வளவாகத் தீராது என்பதை சபீனே சொன்னென்டாக் என்ற ஜெர்மானிய உளவியலாளர் நிறைய ஆராய்ந்து எழுதியிருக்கிறார். வாட்ஸ்அப் குழுவையும் இரண்டு நாள் மௌனத்தில் போடுங்கள். அவசரத்துக்கு ஒருவர் எண் திறந்திருந்தால் போதும்.

அடுத்த முறை ஏரி வேண்டாம் என்றால் அங்கேயே இருங்கள், துணி துவையுங்கள், தூங்குங்கள். கட்டட வேலைக்கு மட்டும் கிளம்பாதீர்கள். சாமான் அறையைத் திறந்துவிட அந்த ஒருங்கிணைப்பாளர் எழுந்து வர வேண்டும், அவருக்கும் அன்று லீவு.