மூன்றாவது பெனால்டி

கேள்வி: பெண்கள் கால்பந்தில் உங்கள் மனதில் நிற்கும் கோல்கீப்பர் யார்?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: யோசிக்கவே வேண்டாம், அமெரிக்காவின் பிரியானா ஸ்கர்ரிதான். 1999 உலகக் கோப்பை இறுதி ஆட்டம், ரோஸ் பவுல் மைதானம், 90,000 பேருக்கு மேல் கூட்டம். சீனாவோடு ஆட்டம் சமனாகி, கோல்கீப்பர் மட்டும் எதிரே நிற்க மாறி மாறி உதைக்கும் பெனால்டிகளுக்குப் போனது. சீனாவின் மூன்றாவது பெனால்டியை லியூ யிங் அடிக்க, பிரியானா இடப்பக்கம் பாய்ந்து கையால் தட்டிவிட்டார். பந்தை உதைக்கும் முன்பே, விதியை மீறி கோல் கோட்டிலிருந்து முன்னே வந்துதான் பாய்ந்தார் என்ற சர்ச்சை உண்டு. எனக்கு அது அபாரமான தடுப்புதான்.

அப்புறம் நடந்ததுதான் வேதனை. 2010இல் எதிரணி வீராங்கனையின் முழங்கால் தலையில் மோதியது. அதோடு விளையாட்டு வாழ்க்கையே போச்சு. ஓயாத தலைவலி, மன அழுத்தம். இரண்டு ஒலிம்பிக் தங்கப் பதக்கங்களையும் அடகு வைத்தார். அம்மாவின் வளையலோடு அடகுக்கடைப் படியேறியவள் நான். அதைப் படித்தபோது தொண்டை அடைத்தது. 2013இல் அறுவை சிகிச்சை. பதக்கங்களும் திரும்பி வந்துவிட்டன.