சர்க்கரை 'பார்டர்'ல இருக்காம்... டயட்டீஷியனைப் பார்க்கத்தான் வேண்டுமா?

கேள்வி: என் கணவருக்கு 47 வயது. ஆபீஸில் எடுத்த மாஸ்டர் செக்கப்பில் ஹெச்பிஏ1சி 6.1 என்று வந்திருக்கிறது. "பார்டர்தான், மாத்திரை வேண்டாம், டயட்டீஷியனைப் பாருங்கள்" என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். இவரோ, "சாப்பிடச் சொல்லிக் கொடுக்கிறதுக்கு ஒரு ஃபீஸா? நோய் வந்தா பார்த்துக்கலாம்" என்கிறார். நெதர்லாந்தில் வேலை பார்க்கும் என் தம்பி, அங்கே இதற்கு இன்ஷூரன்ஸே பணம் கொடுக்கிறது என்கிறான். நம் சாப்பாட்டுக்கு இதெல்லாம் சரிப்பட்டு வருமா? வீட்டில் நாங்கள் இருவரும் மாமியாரும். சமையல் மாமியார்தான்.
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, பெரம்பூர்.

பதில்: நானே டயட்டீஷியன். 'பார்க்க வேண்டாம்னா சொல்லப் போறாங்க' என்று உங்கள் கணவர் சிரிப்பார். சிரிக்கட்டும். கணக்கை மட்டும் வைக்கிறேன்.

ஹெச்பிஏ1சி என்பது கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரி ரத்தச் சர்க்கரையைக் காட்டும் பரிசோதனை. அது 5.7 முதல் 6.4 வரை இருந்தால் சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை. 6.5 ஆகிவிட்டால் நோய். 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) ஆய்வின்படி இந்த முந்தைய நிலையில் இந்தியாவில் சுமார் 13 கோடியே 60 லட்சம் பேர் இருக்கிறார்கள். இவர்கள் எல்லோரும் நோயாளி ஆகித்தான் தீர வேண்டும் என்றில்லை. அதற்கு ஆதாரம் தேடி வெளிநாடு போகவும் வேண்டாம். நம் சென்னையிலேயே இருக்கிறது. டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர், உங்கள் கணவரைப் போலவே பார்டரில் இருந்த 531 பேரை மூன்று வருடம் தொடர்ந்து கவனித்து, 2006-இல் முடிவை வெளியிட்டார்கள். பொதுவான அறிவுரை மட்டும் கேட்டவர்களில் நூற்றுக்கு 55 பேருக்கு சர்க்கரை நோய் வந்துவிட்டது. உணவு, நடை இரண்டிலும் தொடர்ந்து வழிகாட்டப்பட்டவர்களில் 39 பேருக்குத்தான் வந்தது. மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை கொடுத்த பிரிவிலும் ஏறக்குறைய இதே பலன்தான். இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம், அவர்களுக்குப் பெரிதாக எடை குறையவே இல்லை என்பது. தொப்பை அப்படியே இருக்கிறதே என்று பாதியில் விட்டுவிடுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். சாப்பிட்டதும் நம் சோறும் சாம்பாரும்தான். ஆகவே, சரிப்பட்டு வரும்.

தம்பி சொன்னதும் உண்மைதான். நெதர்லாந்தின் அடிப்படைக் காப்பீட்டில் வருடத்துக்கு மூன்று மணி நேர டயட்டீஷியன் ஆலோசனை அடக்கம். முதலில் ஒரு தொகை வரை அவரவர் கைக்காசு போகும் என்பது வேறு. இங்கே ஸ்டென்ட் வைக்க லட்சக்கணக்கில் கொடுக்கும் இன்ஷூரன்ஸ், அந்த நிலைமை வராமல் தடுக்கும் ஆலோசனைக்குப் பெரும்பாலும் கொடுப்பதில்லை. எனக்கு இது சுத்த முட்டாள்தனமாகப் படுகிறது.

ஐரோப்பா அப்படி யோசிப்பதற்குக் காரணம் உண்டு. பின்லாந்தில் இதே பார்டர்காரர்கள் 522 பேரை வைத்து ஒரு ஆய்வு நடந்தது. 2001-இல் முடிவு வந்தது. நான்கு வருடத்தில், பொதுவான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் நூற்றுக்கு 23 பேருக்கு நோய் வந்தது. தனிப்பட்ட ஆலோசனை பெற்றவர்களில் 11 பேருக்கு. ஆனால் ஊட்டச்சத்து நிபுணரை அவர்கள் முதல் வருடம் ஏழு முறை சந்தித்தார்கள், அதன் பிறகு மூன்று மாதத்துக்கு ஒரு முறை. நம் ஊரில் ஒரே ஒரு முறை வந்து ஒரு பட்டியலை வாங்கிப்போய் ஃப்ரிட்ஜில் ஒட்டுவதோடு சரி. ரெண்டாவது வாரம் அதன் மேல் கல்யாணப் பத்திரிகை ஏறிவிடும். பட்டியலைப் பற்றி மட்டும் கேட்டால் உங்கள் கணவர் சொல்வது சரிதான், அதற்கு ஃபீஸ் தண்டம், யூடியூபிலேயே கிடைக்கும்.

அப்படியானால் எதற்குத்தான் ஃபீஸ்? வருபவர்கள் எல்லோரும் "மதியம் கொஞ்சம் சாதம்" என்றுதான் ஆரம்பிப்பார்கள். அந்தக் 'கொஞ்சம்' எவ்வளவு என்று கப்பையும் கரண்டியையும் எடுத்து வைத்துக் காட்டச் சொன்னால், சாம்பாருக்கு ஒன்று, ரசத்துக்கு ஒன்று, மோருக்கு ஒன்று என்று மூன்று கப்பில் வந்து நிற்கும். அடுத்து டீ. ஆபீஸிலும் வீட்டிலுமாக நாளைக்கு ஐந்து டீ, டீக்கு ரெண்டு ஸ்பூன் என்றால், சர்க்கரை மட்டுமே 40 கிராமுக்குக் குறையாது. 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். இவர்களில் பலர் ஸ்வீட்டைத் தொடுவதே இல்லை என்று சத்தியம் செய்பவர்கள். அப்புறம் மளிகை பில்லைக் கேட்பேன். மூன்று பேர் வீட்டில் மாதம் ஐந்து லிட்டர் எண்ணெய் என்றால் ஆளுக்கு நாளைக்கு 55 மில்லி. அதில் பாதி போதும். ஒரு கிலோ உப்புப் பாக்கெட் மாதத்தில் காலியானால் ஆளுக்கு 11 கிராம். உலக சுகாதார நிறுவனம் சொல்வதோ ஐந்துக்குள். ஊறுகாயும் அப்பளமும் இந்தக் கணக்கில் வரவில்லை. ரத்த அழுத்தம், இதயம், சிறுநீரகம் எல்லாவற்றுக்கும் இந்த பில்தான் ஆரம்பம்.

இதைப் பார்த்துவிட்டுத்தான், எதை நிறுத்துவது என்பதை விட எதை முதலில் மாற்றினால் அவரால் தாங்க முடியும் என்று யோசிப்போம். மூன்று கப் சாதத்தை ஒன்றரையாக்கி பொரியலையும் சுண்டலையும் கூட்டலாம். டீயை விட முடியாதா, சரி, சர்க்கரையை அரை ஸ்பூனுக்குக் கொண்டு வரலாம். அடுத்த முறை வரும்போது எது நடந்தது, எது நடக்கவில்லை என்று கேட்டு, நடக்காததை மாற்றிக் கொடுப்போம்.

ஆளைத் தேர்ந்தெடுக்கும்போது ஜாக்கிரதை. ஊட்டச்சத்து அல்லது உணவியலில் முறையாகப் பட்டம் பெற்றவரா, 'ரிஜிஸ்டர்டு டயட்டீஷியன்' தேர்வு எழுதியவரா என்று கேளுங்கள். கேட்பதில் தப்பே இல்லை. அரிசியே கூடாது என்று எடுத்த எடுப்பில் சொன்னாலோ, பவுடர் டப்பாவை மேஜையில் வைத்தாலோ எழுந்து வந்துவிடுங்கள். தனியார் ஃபீஸ் கட்டுப்படியாகவில்லை என்றால், நகரின் பெரிய அரசு மருத்துவமனைகளில் விசாரியுங்கள்.

போகும்போது ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டும் மூன்று மாத மளிகை பில்லும் கையில் இருக்கட்டும். மூன்று மாதம் கழித்து ஹெச்பிஏ1சி மறுபடியும் பார்க்க வேண்டும். முக்கியமாக, மாமியாரையும் கூட அழைத்துப் போங்கள். எண்ணெய் ஊற்றுவது அவர்தானே. உங்கள் மூலமாகக் கேட்டால் மருமகள் குறை சொல்கிறாள் என்று ஆகிவிடும், டயட்டீஷியன் வாயால் கேட்டால் மகனுக்காகச் செய்வார்.