ரோமில் ஐந்து இரவு, இரண்டு பேர், 2,000 யூரோ: போதுமா?

கேள்வி: திருமணமாகிப் பத்து ஆண்டுகள் ஆனதை ஒட்டி நானும் கணவரும் ரோம் போகிறோம். ஐந்து இரவு தங்குகிறோம். விமான டிக்கெட்டுக்குத் தனியாகப் பணம் வைத்துவிட்டோம். மற்ற எல்லாவற்றுக்கும் சேர்த்து 2,000 யூரோ. ஆடம்பரம் வேண்டாம், ஆனால் ஒவ்வொரு காபிக்கும் கணக்குப் பார்க்கவும் விருப்பமில்லை. ஊருக்கு வெளியே மலிவான அறை எடுத்து, மிச்சத்தைச் சாப்பாட்டுக்கு வைத்துக்கொள்ளலாம் என்கிறார் அவர். எனக்கு நடந்து போகும் தூரத்தில் தங்க ஆசை. யார் சொல்வது சரி?

பதில்: பணம் போதும். அறை விஷயத்தில் நான் உங்கள் பக்கம்.

உங்கள் கணவர் சொல்வதைத்தான் முதல் தடவை ரோம் போனபோது நான் செய்தேன். கடைசி மெட்ரோ நிலையத்துக்கும் அப்பால், பாதி விலையில் ஓர் அறை. காலையில் நகருக்குள் வர ஒரு மணி நேரம். மதிய வெயிலில் கால் வலித்தாலும் அறைக்குப் போய்ப் படுக்க முடியாது. மெட்ரோ வெள்ளி, சனி தவிர மற்ற நாட்களில் இரவு 11.30 வாக்கில் நின்றுவிடும். அதனால் நிதானமாகச் சாப்பிட்ட இரவெல்லாம் டாக்சிதான். அறையில் மிச்சம் பிடித்த பணத்தில் பெரும்பகுதி டாக்சிக்கே போயிற்று. போன நேரம் திரும்பி வரவில்லை.

ரோமின் பழைய நகரம் நடக்க ஏற்றது. கொலோசியத்திலிருந்து, பழங்கால ரோமானியக் கோயிலான பாந்தியோனுக்கு நிதானமாக நடந்தால் அரை மணி நேரம்கூட ஆகாது. அங்கிருந்து திரேவி நீரூற்று பத்து நிமிடம். நடுவில் தங்கினால் போக்குவரத்துச் செலவு ஏறக்குறைய இல்லாமலே போகும். அதற்காகப் பாந்தியோன் வாசலிலேயே அறை எடுக்க வேண்டியதில்லை; அங்கே விலை அதிகம். மோன்டி, வாடிகனை ஒட்டிய பிராட்டி, சற்றுத் தள்ளி சான் ஜொவான்னி, டெஸ்டாச்சோ ஆகிய பகுதிகளில் தேடுங்கள். இருவருக்கான மூன்று நட்சத்திர அறைக்கு இரவுக்கு 160 யூரோ என்று கணக்கு வையுங்கள். ஏப்ரல் முதல் ஜூன் வரையும், செப்டம்பர், அக்டோபரிலும் அது கூடும். ஜனவரி 6 பண்டிகை முடிந்த பிறகும் பிப்ரவரியிலும் நன்றாகவே குறையும். ஆகஸ்டிலும் குறையும், ஆனால் வெயில் கொளுத்தும். 15-ஆம் தேதிப் பண்டிகையை ஒட்டி உள்ளூர்க்காரர்கள் நடத்தும் நல்ல உணவகங்கள் பல மூடியிருக்கும்.

அறை விலையைப் பார்க்கும்போது பலரும் தவறவிடுவது நகர வரி. ரோமில் இது ஆளுக்கு, இரவுக்கு. மூன்று நட்சத்திர விடுதியில் 6 யூரோ, நான்கு நட்சத்திரத்தில் 7.50. உங்கள் இருவருக்கும் ஐந்து இரவுக்கு 60 யூரோ. முன்பதிவுத் தளத்தில் தெரியும் தொகையில் இது பெரும்பாலும் சேர்ந்திருக்காது. விடுதியில் தனியாகக் கேட்பார்கள். ஏமாற்று வேலை என்று சண்டை போட வேண்டாம், அது மாநகராட்சிக்குப் போகும் முறையான வரி.

இனி கணக்கு. அறைக்கு 800, நகர வரிக்கு 60. ஃபியூமிச்சீனோ விமான நிலையத்திலிருந்து டெர்மினி நிலையத்துக்கு நேர் ரயிலான லியோனார்டோ எக்ஸ்பிரஸில் ஆளுக்கு 14 யூரோ; இருவரும் போய்வர 56. ஊருக்குள் பஸ், மெட்ரோவுக்கு 40. நுழைவுச் சீட்டுகளுக்கு 140. சாப்பாடு, காபி, ஜெலாட்டோ (இத்தாலிய ஐஸ்கிரீம்) எல்லாம் சேர்த்து நாளுக்கு 100 வீதம் 500. கூட்டினால் 1,596. எதிர்பாராத செலவுக்கு 200 வைத்தாலும் 1,800-க்குள் அடங்கும். மீதி 200-ஐ எதற்கும் ஒதுக்காமல் விடுங்கள். பத்தாவது ஆண்டுப் பயணம். ஓரிரவு மனசுக்குப் பிடித்த இடத்தில் விலை பார்க்காமல் சாப்பிட அது இருக்கட்டும்.

பெட்டிகள் அதிகம் என்றால் டாக்சியையும் யோசிக்கலாம். ஃபியூமிச்சீனோவிலிருந்து பழைய நகரைச் சுற்றியிருக்கும் ஔரேலியன் மதிலுக்குள் எங்கே போனாலும் நிலையான கட்டணம் 55 யூரோ. அது வண்டிக்கான கட்டணம், தலைக்கு அல்ல. பெட்டிகளும் அதில் அடக்கம். மாநகராட்சி உரிமம் பெற்ற வெள்ளை டாக்சி வரிசையில் மட்டும் ஏறுங்கள். உள்ளே வந்து கூப்பிடுபவர்களோடு போக வேண்டாம்.

கேள்வி: சாப்பாட்டுக்கு இருவருக்கு நாளுக்கு 100 யூரோ உண்மையில் போதுமா? ரோமில் பில்லைப் பார்த்து மயங்கி விழுந்தவர்கள் கதையைத்தான் கேள்விப்படுகிறேன்.

பதில்: போதும், சில விஷயங்கள் தெரிந்திருந்தால். காலையில் பக்கத்து ‘பார்’ ஒன்றில் (அங்கே பார் என்றால் காபிக் கடை) நின்றபடியே ஒரு கப்புச்சினோவும் கோர்னெட்டோவும் (பிறை வடிவ இனிப்பு ரொட்டி). இருவருக்கும் 8 யூரோவுக்குள் முடியும். அதே காபியை மேசையில் உட்கார்ந்து குடித்தால் விலை இரண்டு மடங்கோ, சதுக்கத்தைப் பார்த்த மேசை என்றால் அதற்கும் மேலோ ஆகலாம். கடையில் விலைப்பட்டியல் ஒட்டியிருக்கும். ‘அல் பாங்கோ’ என்றால் நின்று குடிக்கும் விலை, ‘அல் தாவோலோ’ என்றால் மேசை விலை. இதில் ஏமாற்று ஒன்றுமில்லை, தெரியாமல் உட்கார்ந்துவிடுவதுதான் பிரச்சினை. நவோனா சதுக்கத்தில் ஒரு மாலை உட்கார ஆசையா, தாராளமாக உட்காருங்கள். காபிக்கு மட்டுமல்ல, அந்த இடத்துக்கும் சேர்த்துத்தான் கொடுக்கிறோம் என்று தெரிந்து உட்காருங்கள்.

மதியம் எடைக்கு வெட்டித் தரும் துண்டு பீட்சா. எவ்வளவு வேண்டும் என்று கையைக் காட்டிச் சொல்லலாம். இருவருக்கு 18 யூரோ ஒதுக்கினால் தாராளம். இரவு ஒரு திராத்தோரியாவில் (எளிமையான உள்ளூர் உணவகம்) ஆளுக்கொரு பாஸ்தா, நடுவில் பகிர்ந்துகொள்ள ஒரு கறி அல்லது காய்கறி, அரை லிட்டர் வீட்டு ஒயின், தண்ணீர்: 60 யூரோ சுற்றி வரும். உணவுப் பட்டியலில் முன்னுணவு, பாஸ்தா, கறி, இனிப்பு என்று நான்கு கட்டம் இருக்கிறது என்பதற்காக நான்கும் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை.

பில்லில் மூன்று இடத்தைப் பாருங்கள். முதலாவது, மேசைக்கட்டணம். இத்தாலியின் பிற பகுதிகளில் ‘கோபெர்ட்டோ’ என்று ஆளுக்கு இரண்டு மூன்று யூரோ சேர்ப்பது வழக்கம். ரோம் இருக்கும் லாட்சியோ மாநிலத்தில் அந்தப் பெயரில் வசூலிக்க 2006-இல் வந்த சட்டம் தடை போட்டது; ரொட்டிக்கு விலை வாங்கலாம். அதனால் பில்லில் ‘பானே’ என்று வரும். ரொட்டி வேண்டாம் என்றால் கூடையைத் தொடாமல் அப்போதே சொல்லிவிடுங்கள். இரண்டாவது, ‘செர்விட்சியோ’ என்ற சேவைக்கட்டணம். அது இருந்தால் பட்டியலில் முன்பே எழுதியிருக்க வேண்டும். இருக்கும் பட்சத்தில் டிப்ஸ் வைக்கவே வேண்டாம். இல்லாவிட்டாலும் கட்டாயமில்லை.

மூன்றாவதுதான் நீங்கள் கேள்விப்பட்ட கதைகளில் பலவற்றுக்குக் காரணம்: மீன். பட்டியலில் ‘எட்டோ’ என்று போட்டு 7 யூரோ என்று இருந்தால், அது 100 கிராமுக்கான விலை. தட்டில் வருவது முழு மீன். 800 கிராம் இருந்தால் 56 யூரோ. சமைப்பதற்கு முன் மீனை மேசைக்குக் கொண்டுவந்து காட்டச் சொல்லி, எடையையும் மொத்த விலையையும் கேளுங்கள். நல்ல கடைக்காரர் இதற்குக் கோபப்பட மாட்டார்.

தண்ணீருக்குக் காசு கொடுக்காதீர்கள், சாப்பாட்டு மேசையைத் தவிர. தெருவோரம் எங்கும் ‘நஸோனி’ எனப்படும் இரும்புக் குழாய்த் தூண்கள் இருக்கின்றன, ஏறக்குறைய 2,500. நாள் முழுக்கக் குளிர்ந்த குடிநீர் ஓடிக்கொண்டே இருக்கும். ஒரு காலி பாட்டில் கையில் இருந்தால் போதும்.

கேள்வி: நுழைவுச் சீட்டுகளுக்கு சிட்டி பாஸ் வாங்கினால் மிச்சமாகுமா?

பதில்: ரோமா பாஸைச் சொல்கிறீர்கள் என்று நினைக்கிறேன். 72 மணி நேரப் பாஸில் முதல் இரண்டு இடங்கள் இலவசம், பிறகு தள்ளுபடி, பஸ்ஸும் மெட்ரோவும் அடக்கம். ஆளுக்கு 50 யூரோவைத் தாண்டும். கொலோசியம் சீட்டு 18 யூரோ; அதிலேயே பக்கத்தில் இருக்கும் பழைய ரோமானிய இடிபாடுகளான ஃபோரமும் பாலட்டைன் குன்றும் அடங்கும். பஸ், மெட்ரோ ஒரு பயணம் 1.50, அது 100 நிமிடம் செல்லும். நடக்கிற தம்பதிக்குப் பாஸ் போட்ட காசை எடுக்காது. நாளுக்கு ஐந்தாறு தடவை பஸ் ஏறுபவர்கள் வாங்கலாம். வாடிகன் தனி நாடு, அதன் அருங்காட்சியகம் இந்தப் பாஸில் வராது. அங்கே 20 யூரோ, இணையத்தில் முன்பதிவு செய்ய இன்னும் 5.

பாஸைவிட முக்கியம், எங்கே வாங்குகிறீர்கள் என்பது. கொலோசியத்தின் அதிகாரபூர்வத் தளத்தில் சீட்டுகள் 30 நாள் முன்பு திறக்கும், பெயர் போட்டே தருவார்கள். அங்கே தீர்ந்துபோய், மற்ற தளங்களில் இரண்டு மூன்று மடங்கு விலைக்குக் கிடைப்பது பல ஆண்டுகளாக நடந்தது. 2025 ஏப்ரலில் இத்தாலியின் வணிகப் போட்டி ஆணையம் இதற்காகச் சீட்டு விற்ற அமைப்புக்கும் சில சுற்றுலா நிறுவனங்களுக்கும் சேர்த்து ஏறக்குறைய 2 கோடி யூரோ அபராதம் விதித்தது. ஆகவே நாட்காட்டியில் அந்த 30-ஆவது நாளைக் குறித்துவைத்து, அன்றே வாங்குங்கள். மாதத்தின் முதல் ஞாயிறு கொலோசியம் இலவசம்தான். ஆனால் அந்தக் கூட்டத்தில் நின்று பார்ப்பதற்கு 18 யூரோ கொடுப்பதே மேல் என்பேன்.

பாந்தியோனுக்கு 2023 ஜூலை முதல் 5 யூரோ. செயின்ட் பீட்டர் பேராலயத்துக்குள் போகக் கட்டணம் இல்லை. அதோடு, சான் லூயிஜி தேய் ஃப்ரான்சேசி தேவாலயத்தில் கரவாஜியோ வரைந்த மூன்று மத்தேயு ஓவியங்கள், சான் பியேத்ரோ இன் வின்கோலியில் மைக்கலாஞ்சலோவின் மோசே சிலை: இவற்றையெல்லாம் சும்மாவே பார்க்கலாம். நான் அந்த மோசேயின் முன் அரை மணி நேரம் நின்றேன். ஓவியங்களுக்கு விளக்குப் போட மட்டும் நாணயம் போடும் பெட்டி இருக்கும். சில்லறை வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ‘பணம் திரும்பாது’ என்ற அறை 25 யூரோ குறைவாகக் காட்டுகிறது. எடுக்கலாமா? எங்களுக்கு விசா இன்னும் வரவில்லை.

பதில்: எடுக்காதீர்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் இணையத்தில் வாங்கிய பொருளை 14 நாளுக்குள் திருப்பித் தரலாம் என்ற உரிமை பிரபலம். ஆனால் குறிப்பிட்ட தேதிக்கான விடுதி அறைக்கு அந்த உரிமை கிடையாது. விசா மறுக்கப்பட்டால் முழுத் தொகையும் போகும். இலவசமாக ரத்து செய்யும் அறையை எடுத்து, கடைசித் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். விசா கைக்கு வந்தபின் அதே விடுதியில் குறைந்த விலை இருக்கிறதா என்று திரும்பப் பாருங்கள். பல தடவை இருக்கும். ஷெங்கன் விசாவுக்கு ஆளுக்கு 90 யூரோ, அதற்குமேல் விண்ணப்ப மையத்தின் சேவைக்கட்டணம், குறைந்தது 30,000 யூரோ மருத்துவப் பாதுகாப்புள்ள பயணக் காப்பீடு. இவையும் உங்கள் பட்ஜெட்டில் இருக்க வேண்டும். விசா மறுத்தால் 90 திரும்பி வராது.

கேள்வி: கார்டா, ரொக்கமா?

பதில்: கார்டு. கார்டை மறுக்கும் கடைக்காரருக்கு 2022 ஜூன் 30 முதல் அபராதம் உண்டு. இயந்திரம் ‘உங்கள் நாட்டுப் பணத்திலா, யூரோவிலா?’ என்று கேட்கும்போது எப்போதும் யூரோவையே அழுத்துங்கள். சொந்த நாட்டுப் பணத்தில் தொகை பார்க்க வசதியாகத் தெரியும். ஆனால் மாற்று விகிதத்தை அந்த இயந்திரக்காரர் வைப்பார், அது உங்களுக்குச் சாதகமாக இருக்காது. மெட்ரோவில் கார்டைத் தொட்டே உள்ளே போகலாம். ஆனால் ஒரே கார்டில் இரண்டு பேர் போக முடியாது, ஆளுக்கொன்று வேண்டும்.

கேள்வி: அங்கே தோல்பை வாங்கினால் வரி திரும்பக் கிடைக்கும் என்கிறார்களே?

பதில்: ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே குடியிருப்பவர் என்றால் கிடைக்கும். முன்பு ஒரே கடையில் 154.94 யூரோவுக்கு மேல் வாங்க வேண்டியிருந்தது; 2024 பிப்ரவரி முதல் 70 யூரோவைத் தாண்டினாலே போதும். வாங்கும்போதே பாஸ்போர்ட்டைக் காட்டி வரி திரும்பப்பெறும் படிவம் கேளுங்கள், பிறகு கேட்டால் தர மாட்டார்கள். வரி 22 சதவீதம் என்றாலும், நடுவில் இருக்கும் நிறுவனம் தன் பங்கை எடுத்துக்கொள்வதால் கைக்கு வருவது அதைவிடக் குறைவு. பையைப் பெட்டிக்குள் போட்டு அனுப்பிவிடாமல், விமான நிலையத்தில் சுங்கத்துறையின் ஒப்புதல் வாங்கும்வரை கையில் வைத்திருங்கள். அதற்கு ஒரு மணி நேரம் கூடுதலாக ஒதுக்கிப் புறப்படுங்கள்.