வீட்டின் மேல் ராக்கெட் துண்டு விழுந்தால் யாரிடம் நஷ்ட ஈடு கேட்பது?

கேள்வி: ராக்கெட், செயற்கைக்கோள் பாகங்கள் ஊருக்குள் விழுகிற செய்திகள் அடிக்கடி வருகின்றன. நம் வீட்டின் மேலோ வயலிலோ அப்படி ஒன்று விழுந்து சேதமானால் நஷ்ட ஈடு கிடைக்குமா? ஸ்பேஸ்எக்ஸ் மீதோ சீனா மீதோ நாமே வழக்குப் போட முடியுமா?

பதில்: கிடைக்க வழி இருக்கிறது. ஆனால் அந்த வழியில் கேட்கும் உரிமை உங்களுக்கு இல்லை, உங்கள் சார்பில் இந்திய அரசுதான் கேட்க வேண்டும். அரசு கேட்க ஆதாரம் வேண்டும். அது பெரும்பாலும் முதல் சில மணி நேரத்தில் நீங்கள் செய்வதையும் செய்யாமல் விடுவதையும் பொறுத்தே அமையும். எனவே சட்டத்துக்கு முன்னால் அதைச் சொல்லிவிடுகிறேன்.

விழுந்த பொருளைத் தொடாதீர்கள், குழந்தைகளையும் ஆடு மாடுகளையும் அருகே விடாதீர்கள். வளிமண்டலத்துக்குள் நுழையும்போது அலுமினியம் 660 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும். டைட்டானியம் உருக ஏறத்தாழ 1,670 டிகிரி வேண்டும். அதனால் தரைக்கு வந்து சேர்பவை பெரும்பாலும் டைட்டானியம் அல்லது துருப்பிடிக்காத எஃகில் செய்த உருண்டைத் தொட்டிகள், கரிநார் (கார்பன் ஃபைபர்) சுற்றிய அழுத்தக் கலன்கள், எஞ்சின் பாகங்கள். தொட்டிக்குள் ஹைட்ரசின் என்ற எரிபொருள் மிச்சம் இருக்கலாம். அது தோலில் பட்டாலும் மூச்சில் போனாலும் நஞ்சு. செம்பழுப்பு நிறத்தில் புகை வந்தால் அது நைட்ரஜன் டெட்ராக்ஸைடு என்ற நஞ்சாக இருக்கக்கூடும். உடனே காற்று வரும் திசைப் பக்கமாக விலகிப் போய்விடுங்கள். உடைந்த கரிநார் விளிம்புகள் ஊசிபோலத் தோலில் ஏறும். 112-க்கும், மாவட்ட ஆட்சியர் அலுவலகப் பேரிடர் கட்டுப்பாட்டு அறைக்கு 1077-க்கும் சொல்லுங்கள்.

பிறகு தூரத்திலிருந்தே படம் எடுங்கள். பொருள், அது உண்டாக்கிய பள்ளம், ஓட்டை, சுற்றியுள்ள சேதம் எல்லாமே படத்தில் வர வேண்டும். அளவு தெரிய ஒரு செங்கல்லோ குடமோ பக்கத்தில் இருக்கும் கோணமாகப் பார்த்து எடுங்கள். பொருளின் மேல் எண்ணோ எழுத்தோ இருந்தால் அதைப் பெரிதாக்கித் தனியாக எடுங்கள். எல்லாவற்றையும் விட முக்கியம் நேரம். சத்தம் கேட்ட நிமிடத்தைக் குறித்து வையுங்கள். வானில் ஒளிக்கோடு தெரிந்திருந்தால் எந்தத் திசையிலிருந்து எந்தத் திசைக்குப் போனது என்பதையும் எழுதுங்கள். தெருவில் கேமரா இருந்தால் பதிவு அழியும் முன் நகல் வாங்கிவிடுங்கள். தாழ்வான சுற்றுப்பாதையில் ஒரு பொருள் மணிக்குச் சுமார் 28,000 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. அதாவது ஒரு நிமிடம் பிசகினாலே 450 கிலோமீட்டருக்கு மேல் தள்ளிப் போகும். விழுந்தது எந்த ராக்கெட்டின் துண்டு என்பதைப் பாதையையும் நேரத்தையும் பொருத்திப் பார்த்துத்தான் கண்டுபிடிக்கிறார்கள். நீங்கள் எழுதி வைத்த நேரம் அங்கே சாட்சி.

2022 ஏப்ரல் 2 இரவு மகாராஷ்டிராவின் சந்திரபூர் மாவட்டத்தில், லாட்போரி என்ற கிராமத்தின் காலி இடத்தில் சுமார் 3 மீட்டர் விட்டமுள்ள உலோக வளையம் விழுந்தது. பக்கத்து ஊரில் ஒரு உருண்டைக் கலன் கிடைத்தது. வானில் தெரிந்த ஒளிக்கோட்டை மூன்று மாநில மக்கள் செல்போனில் பிடித்திருந்தார்கள். சுற்றுப்பாதைகளைக் கண்காணிக்கும் வல்லுநர்கள் அந்த நேரத்தையும் திசையையும் வைத்து, அது சீனாவின் சாங் ஜெங் 3பி ராக்கெட்டின் மேல் அடுக்காக இருக்க வேண்டும் என்று சொன்னார்கள்.

பொருளைப் பழைய இரும்புக் கடையில் போட்டுவிடாதீர்கள், இணையத்தில் விற்கவும் வேண்டாம். 1967-ஆம் ஆண்டின் விண்வெளி ஒப்பந்தப்படி, பூமிக்குத் திரும்பி விழுந்தாலும் அந்தப் பொருளின் உரிமை அனுப்பியவருக்கே. 1968-ஆம் ஆண்டின் மீட்பு உடன்படிக்கைப்படி, ஏவிய நாட்டுக்கும் ஐ.நா. பொதுச்செயலாளருக்கும் நம் அரசு தகவல் சொல்ல வேண்டும். அவர்கள் கேட்டால் திருப்பித் தர வேண்டும், அதற்கான செலவு அவர்களுடையது. காவல் துறையோ வருவாய்த் துறையோ பொருளை எடுத்துப் போகும்போது எழுத்தில் ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.

இனிச் சட்டம். இதற்கு அடிப்படை 1972-ஆம் ஆண்டின் பொறுப்பு உடன்படிக்கை. இந்தியா இதில் 1979-இல் சேர்ந்தது. பூமியின் மேற்பரப்பிலோ பறக்கும் விமானத்துக்கோ சேதம் நேர்ந்தால், ஏவிய நாட்டின் பொறுப்பு முழுமையானது. கவனக்குறைவு இருந்ததா, தவறு யாருடையது என்று நிரூபிக்கத் தேவையில்லை. அவர்களுடைய பொருள், அதனால் இந்தச் சேதம் என்று காட்டினால் போதும். விண்வெளியிலேயே இரண்டு செயற்கைக்கோள்கள் மோதிக்கொண்டால் மட்டும் தவறை நிரூபிக்க வேண்டும். அது எவ்வளவு கடினம் என்பதற்கு 2009 பிப்ரவரி 10 மோதல் போதும். இயங்கிக்கொண்டிருந்த அமெரிக்கச் செயற்கைக்கோள் இரிடியம் 33-உம் ரஷ்யாவின் செத்துப்போன செயற்கைக்கோள் காஸ்மோஸ் 2251-உம் சுமார் 790 கிலோமீட்டர் உயரத்தில் மோதிச் சிதறின. உடன்படிக்கைப்படி யாரும் இழப்பீடு கோரவில்லை.

ஸ்பேஸ்எக்ஸ் தனியார் நிறுவனமாயிற்றே என்று கேட்பீர்கள். உடன்படிக்கைக்கு அந்த வேறுபாடு கிடையாது. ஏவுகிற நாடு, ஏவச் செய்கிற நாடு, யாருடைய மண்ணிலிருந்து ஏவப்பட்டதோ அந்த நாடு, யாருடைய ஏவுதளமோ அந்த நாடு, இவை எல்லாமே 'ஏவும் நாடு'தான். 2025 பிப்ரவரி 19 அன்று பால்கன் 9 ராக்கெட்டின் மேல் அடுக்கு கட்டுப்பாடின்றிப் போலந்தின் மேல் எரிந்து, அதன் கலன் ஒன்று போஸ்னான் நகருக்கு அருகே ஒரு கிடங்கு வளாகத்தில் கிடந்தது. அதற்கு உடன்படிக்கைப்படி பதில் சொல்ல வேண்டியது அமெரிக்க அரசு. ஒன்றுக்கு மேற்பட்ட ஏவும் நாடுகள் இருந்தால், யாரிடம் வேண்டுமானாலும் முழுத் தொகையையும் கேட்கலாம். அவர்கள் பின்னர் தமக்குள் பங்கு பிரித்துக்கொள்ள வேண்டியதுதான். விண்ணில் இருக்கும்போதே செயற்கைக்கோளை வேறு நாட்டு நிறுவனத்துக்கு விற்றுவிட்டாலும் முதலில் ஏவிய நாட்டின் பொறுப்பு போகாது.

நடைமுறை இப்படி. நீங்கள் ஆட்சியர் வழியாக மனுக் கொடுக்கிறீர்கள். சேத மதிப்பீடு, மருத்துவச் சான்று, பட்டா அல்லது வீட்டுப் பத்திரம், படங்கள் எல்லாம் இணைய வேண்டும். மத்திய அரசு தூதரக வழியில் கோரிக்கை வைக்கும். காலக்கெடு ஒரு வருடம். சேதம் நேர்ந்த நாளிலிருந்தோ, ஏவிய நாடு எது என்று தெரிந்த நாளிலிருந்தோ அது ஓடத் தொடங்கும். சேதத்தின் முழு அளவு தெரியாவிட்டாலும் கெடுவுக்குள் கோரிக்கையை வைத்துவிட்டுப் பிறகு திருத்தலாம். உடலில் பின்னால் வெளிப்படும் பாதிப்புகளுக்கு இது மிகவும் முக்கியம். ஒரு வருடப் பேச்சில் தீராவிட்டால், ஏதாவது ஒரு நாடு கேட்டாலே மூவர் ஆணையம் அமைய வேண்டும். எதிர்த்தரப்பு இரண்டு மாதத்துக்குள் தன் உறுப்பினரை நியமிக்காமல் இழுத்தடித்தால் தலைவர் மட்டுமே தனி ஆணையமாக இருந்து தீர்ப்பளிக்கலாம். இவ்வளவு கவனமாக எழுதியவர்கள் ஒரு பெரிய ஓட்டையை விட்டுவிட்டார்கள். தீர்ப்புக்குக் கட்டுப்படுவோம் என்று இரு தரப்பும் முன்பே ஒப்புக்கொண்டிருந்தால்தான் அது கட்டாயம். இல்லாவிட்டால் வெறும் பரிந்துரை.

இந்த உடன்படிக்கையைக் காட்டி முறையாக இழப்பீடு கேட்கப்பட்ட பெரிய வழக்கு என்றால் அது காஸ்மோஸ் 954. அணு உலையுடன் பறந்த அந்தச் சோவியத் உளவுச் செயற்கைக்கோள் 1978 ஜனவரி 24 அன்று கனடாவின் வடமேற்குப் பகுதியில் சிதறி விழுந்தது. பனிக்காட்டில் கதிரியக்கத் துண்டுகளைத் தேட 1,24,000 சதுர கிலோமீட்டர் பரப்பை அலச வேண்டியிருந்தது. கனடா கேட்டது 60,41,174.70 கனடிய டாலர். 1981-இல் கிடைத்தது 30 லட்சம். அதையும் சோவியத் ஒன்றியம் தன் பொறுப்பை ஒப்புக்கொள்ளாமலேயே கொடுத்தது. ஒரு பணக்கார நாடு, மறுக்கவே முடியாத ஆதாரத்துடன் மூன்று வருடம் போராடி, கேட்டதில் பாதியைத்தான் வாங்கியது என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்களே வழக்குப் போடலாமா? போடலாம். ஏவிய நாட்டின் நீதிமன்றத்துக்குத் தனிநபர் போவதை உடன்படிக்கை தடுக்கவில்லை. ஆனால் அங்கே வழக்கு நடக்கும்போது அதே சேதத்துக்காக இந்திய அரசு உடன்படிக்கையின் கீழ் கேட்க முடியாது. யோசிக்காமல் அமெரிக்காவில் வழக்குப் போட்டால், தவறை நிரூபிக்கத் தேவையில்லாத பாதையை நீங்களே அடைத்துக்கொள்கிறீர்கள். இன்னொன்று, அமெரிக்க உரிமம் பெற்ற ஏவுதலுக்கு மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம், உச்ச வரம்பு 50 கோடி டாலர். ஆனால் சுற்றுப்பாதை ஏவுதலுக்கு அந்தக் காப்பீட்டின் காலம் பொதுவாகச் செயற்கைக்கோள் பிரிந்து 30 நாள் வரைதான். பல மாதம் சுற்றிவிட்டு விழும் அடுக்குக்கு அது கை கொடுக்காது. இந்திய நீதிமன்றத்திலேயே வெளிநாட்டு அரசு மீது வழக்குப் போடலாம் என்று நினைத்தால், உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 86-ஆவது பிரிவு குறுக்கே நிற்கும். மத்திய அரசின் சம்மதம் இல்லாமல் முடியாது.

இதுவரை சொன்னது வெளிநாட்டுப் பொருளுக்கு. நம் நாட்டு ராக்கெட்டின் துண்டே விழுந்தால்? இந்தக் கேள்வியைத்தான் நாம் உரக்கக் கேட்க வேண்டும். ஏவும் நாடு தன் சொந்தக் குடிமக்களுக்குச் செய்த சேதத்துக்கு உடன்படிக்கை பொருந்தாது என்று 7-ஆவது பிரிவு தெளிவாகச் சொல்கிறது. கடலில் விழும் அடுக்கு ஒன்று இலங்கைப் படகை உடைத்தால் கொழும்பு புதுடெல்லியிடம் கேட்கலாம், தவறை நிரூபிக்கத் தேவையில்லை. அதே அடுக்கு தூத்துக்குடிப் படகை உடைத்தால் அந்தப் பாதுகாப்பு கிடையாது. தூத்துக்குடி மாவட்டம் குலசேகரப்பட்டினத்தில் இஸ்ரோவின் புதிய ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டப்பட்டது. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தெற்கே போகும் ராக்கெட்டுகள் இலங்கையின் மேல் பறக்காமலிருக்க வளைந்து போகின்றன, அதில் எரிபொருள் வீணாகிறது. குலசேகரப்பட்டினத்திலிருந்து நேராகத் தெற்கே போகலாம், சிறிய ராக்கெட்டுக்கு அது பெரிய லாபம். அந்த லாபத்துக்காக, ஏவும் நாட்களில் கடலுக்குப் போகாமல் கரையில் நிற்கப்போகிறவர்கள் நம் மீனவர்கள். அவர்களுடைய இழப்பீட்டு உரிமையைச் சட்டத்தில் எழுதி வைக்க வேண்டிய நேரம் ஏவுதளம் இயங்கத் தொடங்கும் முன்புதான்.

அமெரிக்காவிலும் இதே இடைவெளி வெளிப்பட்டது. சர்வதேச விண்வெளி நிலையத்திலிருந்து 2021 மார்ச்சில் கழற்றி விடப்பட்ட பழைய பேட்டரித் தட்டு, 2024 மார்ச் 8 அன்று வளிமண்டலத்தில் நுழைந்தது. முழுதாக எரிந்துவிடும் என்று எதிர்பார்த்தார்கள். சுமார் 700 கிராம் எடையுள்ள, 10 சென்டிமீட்டர் உயர இன்கோனல் என்ற உலோகக் கலவைத் தண்டு ஒன்று மட்டும் மிஞ்சி, புளோரிடாவின் நேப்பிள்ஸ் நகரில் ஒரு வீட்டின் கூரையையும் தளத்தையும் துளைத்துக்கொண்டு இறங்கியது. வீட்டுக்காரரின் மகன் உள்ளே இருந்தான், காயமில்லை. அது தன்னுடைய பொருள்தான் என்று நாசா ஏப்ரலில் உறுதி செய்தது. அந்தக் குடும்பம் 80,000 டாலருக்கு மேல் கேட்டு நாசாவிடம் மனுக் கொடுத்தது. அவர்கள் வழக்கறிஞர்களின் வாதம் நேர்மையானது: இதே துண்டு வேறு நாட்டில் விழுந்திருந்தால் அமெரிக்கா முழுப் பொறுப்பேற்க வேண்டும், சொந்தக் குடிமக்களுக்கு ஏன் குறைவு?

இந்தியாவில் நிலைமை இன்னும் தளர்வானது. 2017-இல் விண்வெளிச் செயல்பாடுகள் மசோதாவின் வரைவு வெளியானது, சட்டமாகவில்லை. 2023-ஆம் ஆண்டின் இந்திய விண்வெளிக் கொள்கையும், தனியாருக்கு அனுமதி தரும் இன்ஸ்பேஸ் அமைப்பின் 2024 நெறிமுறைகளும்தான் இப்போது வழிகாட்டி. இவை நாடாளுமன்றம் இயற்றிய சட்டங்கள் அல்ல. எனவே உள்நாட்டுப் பொருளால் பாதிக்கப்பட்டவருக்கு உயர் நீதிமன்றத்தில் அரசியலமைப்பின் 226-ஆவது பிரிவின் கீழ் ரிட் மனுவும், உரிமையியல் வழக்கும்தான் வழி. டெல்லி ஓலியம் வாயுக் கசிவு வழக்கில் உச்ச நீதிமன்றம், ஆபத்தான தொழில் நடத்துபவர் விதிவிலக்கே இல்லாமல் பொறுப்பு என்று 1986-இல் சொன்னது உங்கள் வழக்கறிஞருக்கு வலுவான ஆயுதம். ராக்கெட் ஏவுதல் அந்த வரையறைக்குள் வரும் என்றே நான் கருதுகிறேன்.

பணம் சீக்கிரம் வேண்டுமானால் காப்பீட்டைப் பாருங்கள், பலருக்கும் இது தெரியாது. தீ மற்றும் சிறப்பு அபாயங்களுக்கான வழக்கமான பாலிசியின் 'விமான சேதம்' பிரிவில் விமானங்களுடன் விண்வெளிச் சாதனங்களும், அவற்றிலிருந்து விழும் பொருட்களும் சேர்த்தே எழுதப்பட்டிருக்கின்றன. அதிர்வலையால் மட்டும் ஏற்படும் சேதம் விலக்கு. 2021 ஏப்ரலில் வந்த பாரத் கிருஹ ரக்ஷா வீட்டு பாலிசியில், வெளிப் பொருள் எதுவும் மோதுவதால் வரும் சேதம் அடங்கும். காருக்கு முழுமையான பாலிசி இருந்தால், வெளிப்புற விபத்து என்ற தலைப்பில் கேட்கலாம், மூன்றாம் நபர் பாலிசி மட்டும் இருந்தால் கிடைக்காது. காப்பீட்டு நிறுவனம் சர்வேயரை அனுப்பிப் பார்க்கும் வரை ஓட்டையை அடைக்காதீர்கள். மழைக்காலம் என்றால் தார்ப்பாய் போடலாம், அதையும் படம் எடுத்து வையுங்கள். காப்பீட்டில் பணம் வாங்கினால் அந்த அளவுக்குக் கோரும் உரிமை காப்பீட்டு நிறுவனத்துக்குப் போகும். கிடைக்காமல் போன மீதிக்கு, ஆட்சியரிடம் கொடுக்கும் மனுவில் தனியாகக் கணக்குக் காட்டிக் கேளுங்கள்.