கோல்ஃபில் ‘ப்ரொஃபஷனல் ஆவது’ என்றால் என்ன? இந்திய கோல்ஃப் வீராங்கனை அதிதி அசோக் எப்படி ஆனார்?

அமெச்சூர் வீராங்கனை ஒரு சின்ன வரம்புக்கு மேல் பரிசுப் பணம் வாங்கக் கூடாது. அந்த வரம்பை விட்டு, ஆட்டத்தையே பிழைப்பாக எடுத்துக்கொண்டால் அவர் ப்ரொஃபஷனல். சரி, சம்பளம் யார் தருவார்கள்? யாரும் தர மாட்டார்கள். பெரும்பாலான போட்டிகளில் முதல் 2 நாள் முடிந்ததும் ‘கட்’ போட்டுக் கிட்டத்தட்ட பாதிப் பேரை அனுப்பிவிடுவார்கள். அவர்களுக்குப் பரிசுப் பணம் இல்லை. விமானம், ஹோட்டல், கேடி (கோல்ஃப் பையைத் தூக்கிக்கொண்டு கூடவே வருபவர்) செலவு மட்டும் மிச்சம். வாடகை ஆட்டோ ஓட்டுகிற மாதிரிதான்: சவாரி கிடைக்காவிட்டாலும் அன்றைய வாடகையைக் கட்டியாக வேண்டும்.

பெங்களூருவில் தொம்லூர், அல்சூர் பக்கத்துத் தமிழர்களுக்குத் தெரிந்த கர்நாடகா கோல்ஃப் சங்க மைதானத்தில்தான் 1998-ல் பிறந்த அதிதி ஆடப் பழகினார். 2015 டிசம்பரில் ஐரோப்பியப் பெண்கள் கோல்ஃப் தொடருக்கான தகுதிப் போட்டியை வென்றார். 2016 தொடக்கத்தில் ப்ரொஃபஷனல் ஆனார். அதே வருட நவம்பரில் இந்தியன் ஓபனை வென்று, அந்தத் தொடரில் பட்டம் வென்ற முதல் இந்தியப் பெண்ணானார். மறு வருடமே அமெரிக்கத் தொடர். செலவைக் குறைக்கவோ என்னவோ, ரியோ ஒலிம்பிக்கில் அப்பாவும் டோக்கியோ ஒலிம்பிக்கில் அம்மாவும் கேடியாக நின்றார்கள்! (டோக்கியோவில் 4-வது இடம்; பந்தை அடித்த எண்ணிக்கையில் ஒன்றே ஒன்று குறைந்திருந்தால் வெள்ளி, வெண்கலத்துக்கான ப்ளே-ஆஃப் (சமநிலையை முறிக்கும் கூடுதல் ஆட்டம்) வரை வந்திருப்பார்.)

ப்ரொஃபஷனல் ஆனால் ஒலிம்பிக்கில் ஆட முடியாது என்று பலர் நினைக்கிறார்கள். அதிதி 2 ஒலிம்பிக்கிலும் ப்ரொஃபஷனலாகத்தான் ஆடினார், பாரிஸையும் சேர்த்தால் 3.