கடற்கரை, மணல், அலை, நுரை தவிரத் தமிழில் வேறு சொற்களே இல்லையா?

‘கடற்கரையில் ஒரு மாலைப்பொழுது’ என்று மகனுக்குக் கட்டுரை கொடுத்திருக்கிறார்கள், இந்த நாலு சொல்லையே திருப்பித் திருப்பி எழுதுகிறான், பழைய நல்ல சொற்கள் இருந்தால் பொருளோடு தாருங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். தவணைப் பரீட்சை என்று எழுதியிருப்பதால் நீங்களும் இலங்கைதான், அநேகமாகக் கொழும்பு. பையன் ஆறாம், ஏழாம் வகுப்பாக இருப்பான். தலைப்பைப் பார்த்ததுமே எனக்கு வயிற்றைப் பிசைந்தது. ஏன் என்று சொல்கிறேன். சொற்கள் இடையிலே வரும்.

முதலிலேயே ஒன்று: நான் தமிழ் படித்துப் பட்டம் வாங்கியவள் இல்லை. கணக்கு எழுதுவது என் வேலை. ஆகவே வட்டார வழக்கை இலக்கணத்துக்கு மேலே தூக்கி வைக்கிறாள் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். நடந்ததைச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

நாங்கள் யாழ்ப்பாணத்துக் குருநகர். பழைய பேர் கரையூர். 1995 ஒக்டோபரில் போரால் ஊரே இடம்பெயர்ந்தபோது எல்லாரோடும் சேர்ந்து வெளிக்கிட்டு, சுற்றிச் சுழன்று 1996-ல் கொழும்பு வெள்ளவத்தைக்கு வந்து சேர்ந்தோம். எனக்குப் பதினொரு வயது. சேர்த்த பள்ளிக்கூடத்தில் முதல் மாதமே இதே கட்டுரை. மற்றப் பிள்ளைகள் கொழும்புக் கடலோரத்துக் காலிமுகத்திடலையும் இஸ்ஸோ (இறால்) வடையையும் எழுதினார்கள். எனக்குத் தெரிந்தது குருநகர்க் கடல். ‘கடல் வற்றிக் கிடந்தது. நானும் அம்மப்பாவும் முழங்கால் தண்ணீரில் சிறகுவலை வரைக்கும் நடந்துபோய் நண்டு பார்த்தோம்’ என்று எழுதினேன். (சிறகுவலை என்பது ஆழமில்லாத கடலில் கம்பு நட்டுக் கட்டும் வலை.)

ஆசிரியை ‘வற்றிக் கிடந்தது’ என்பதன் கீழே சிவப்பால் இரண்டு கோடு போட்டு, ‘குளம் வற்றும், கடல் வற்றாது’ என்று ஓரத்தில் எழுதிவிட்டார். எழுதினதோடு விட்டிருக்கலாம். வகுப்பில் உரத்து வாசித்தும் காட்டினார். பிள்ளைகள் சிரித்தார்கள். பிறகு ஒரு வருடத்துக்கு எனக்குப் பேரே ‘வற்றின கடல்’தான். பத்துக்கு நாலு புள்ளி.

வீட்டில் கொப்பியை அம்மப்பாவிடம் காட்டினேன். அவருக்கு எழுத்துக்கூட்டித்தான் வாசிக்கத் தெரியும். அந்தச் சிவப்பு வரியை விரல் வைத்து வாசித்துவிட்டு, “வா, போய்ப் பாப்பம்” என்று கூட்டிக்கொண்டு போனார். தண்டவாளத்தைக் கடந்து, கடலரிப்பைத் தடுக்கப் போட்டிருந்த கருங்கல்லில் இருந்தோம். ஒரு செங்கட்டித் துண்டை எடுத்துத் தண்ணீர் தொட்டுப்போன கல்லில் கோடு கீறினார். நாலு மணி இருக்கும். அது தென்மேற்குக் காற்றான சோளகம் தொடங்கிய காலம். அலை வந்து வந்து அடித்து ஐந்து நிமிடத்தில் கோட்டை அழித்துவிட்டது. இன்னொரு கோடு. அதுவும் போனது. இருட்டும் வரைக்கும் இருந்தோம். தண்ணீர் நாலு கல் கீழே இறங்கினதா, அலை இழுத்துக்கொண்டு போனதா என்று அவராலேயே சொல்ல முடியவில்லை. எழும்பிச் சாரத்தைத் தட்டிக்கொண்டு, “உன்ரை ரீச்சர் சொன்னதும் சரி போலதான் கிடக்கு பிள்ளை. இந்தக் கடலுக்கு வத்தத் தெரியாது” என்றார்.

விஷயம் இதுதான். கொழும்பிலும் கடல் நாளுக்கு இரண்டு தரம் ஏறி இரண்டு தரம் இறங்கும். ஆனால் பறுவத்திலும் (பௌர்ணமி) அமாவாசையிலும்கூட ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் இடையில் ஒரு மீற்றர் தேறாது. இங்கே கரை சரிந்து இறங்குவதால் தண்ணீர் சில எட்டு பின்வாங்கினால் பெரிய காரியம். யாழ்ப்பாணத்தில் உள்ளது பரவைக்கடல்: ஆழமில்லாமல் பரந்து கிடக்கும், தரை தட்டை. அங்கே தண்ணீர் ஒரு முழம் இறங்கினாலே சேறும் சாதாளை என்ற கடற்தாவரமும் வெகுதூரத்துக்கு வெளியே வந்துவிடும். அதைத்தான் நாங்கள் வத்து என்போம். ஏறினால் பெருக்கு. அந்த ஆசிரியை கொழும்புக் கடலைப் பார்த்து வளர்ந்தவர். அவர் பார்த்த கடல் வற்றவில்லை. பிறகு உயர்தரம் படிக்கும்போது புவியியல் புத்தகத்தில் ‘வற்றுப்பெருக்கு’ என்று அச்சில் இருந்தது. அந்தப் பக்கத்தைக் கிழித்துக்கொண்டு போய் அவரிடம் காட்ட நினைத்தேன். போகவில்லை. (இலக்கியத்தில் இதற்கு ஓதம் என்று ஒரு சொல் உண்டு. உங்கள் மகனின் ஆசிரியருக்கு அதுதான் பிடிக்கும் என்றால் அதையே எழுதட்டும்.)

ஆக, நீங்கள் கேட்ட ‘பழைய நல்ல சொல்’ என்பதிலேயே எனக்குக் கொஞ்சம் மனத்தாங்கல். பல சொற்கள் பழையவையே இல்லை. கடலுக்குப் போகிறவர்கள் காலையிலும் பேசிவிட்டுத்தான் போனார்கள். உதாரணம் அடும்பு. மணலில் படரும் ஊதாப் பூக்கொடி, சங்கப் பாட்டில் வருகிறது என்று உரையாசிரியர்கள் சொல்லித்தருவார்கள். எங்கள் ஊரில் அது அடம்பன் கொடி. ‘அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு’ என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தனிக்கொடியைச் சின்னக் கையாலேயே பிய்த்துவிடலாம். நாலைந்தை முறுக்கிப் பிடித்துப் பாருங்கள், ஒன்றும் நடக்காது.

சில சொற்கள் உண்மையிலேயே போய்விட்டன, மறுக்கவில்லை. அலை கொண்டுவந்து குவித்த மணல்மேட்டுக்கு எக்கர் என்று பேர். யாரும் சொல்லிக் கேட்டதில்லை. கானல் என்றால் கரையோரச் சோலை, இப்போது கானல் நீரில் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆறு கடலில் விழும் இடம் புகார். அதை இன்றைக்கு எழுதினால் பொலிஸ் முறைப்பாடு என்று நினைப்பார்கள். களனி கங்கை கடலில் சேரும் இடத்துக்கு நாங்கள் முகத்துவாரம் என்கிறோம், சிங்களத்தில் மோதர. இரண்டும் ஒரே பொருள்தான்.

வெள்ளவத்தையும் அப்படித்தான். சின்ன வயதில் வெள்ளம் வருகிற இடம் என்று நினைத்திருந்தேன், மழைக்காலத்தில் வீதிகளைப் பார்த்தால் பிழையாகவும் தெரியாது. சிங்களத்தில் வெல்ல என்றால் மணல், மணற்கரை. வத்த என்றால் தோட்டம். தொல்காப்பியத்தில் நெய்தல் நிலத்துக்குப் ‘பெருமணல் உலகம்’ என்று பேர் இருக்கிறது. இரண்டு மொழிக்காரரும் கடற்கரையைப் பார்த்ததும் முதலில் மணலைத்தான் பார்த்திருக்கிறார்கள். இப்போது அந்த மணலையும் தேடித்தான் பிடிக்க வேண்டும், பாதி இடத்தில் கருங்கல்தான்.

இதைச் சொல்லும்போது இன்னொன்றும் ஞாபகம் வருகிறது. ‘கடற்காட்சி வீடு’ என்று விளம்பரம் போட்டு ஒரு கட்டடக்காரர் எங்களுக்கு ஐந்தாம் மாடியில் ஒரு வீட்டை விற்றார். காட்சிக்கென்று தனியாகக் காசு. இரண்டு வருடத்தில் முன்னால் ஒன்பது மாடி எழும்பிவிட்டது. இப்போது குளியலறை யன்னலில் ஒரு காலை வாளி மேல் வைத்து எட்டிப் பார்த்தால் உள்ளங்கை அகலத்துக்குக் கடல் தெரியும். கேட்டால், “தெரியுதுதானே மிஸ்” என்கிறார்கள். ஒப்பந்தத்தில் எத்தனை அகலம் என்று எழுதவில்லையாம். சரி, விடுங்கள். அதற்கும் உங்கள் கட்டுரைக்கும் சம்பந்தம் இல்லை.

‘பீச்சுக்கு’ என்ன சொல்வது என்றும் கேட்டிருந்தீர்கள். கடலடி என்று எழுதலாம். கோயிலடி, கடையடி மாதிரி. தமிழ்நாட்டில் படிக்கிறவர்கள் கடலுக்கு அடியில் என்று விளங்கிக்கொள்வார்கள், ஆனால் உங்கள் பையனின் கொப்பி அங்கே போகப் போவதில்லை. மீன்காரர் வலையும் சாமானும் வைத்துத் தங்கும் கொட்டில் வாடி. கரையில் நின்றபடியே பத்திருபது பேர் இரண்டு பக்கமும் இழுப்பது கரைவலை, அதை வைத்திருக்கும் முதலாளி சம்மாட்டி. காற்றுக்கும் பேர் உண்டு: தென்மேற்கிலிருந்து வந்தால் சோளகம், வடக்கிலிருந்து வாடை, மேற்கிலிருந்து கச்சான். காலிமுகத்திடலில் சுருளில் கட்டி விற்கும் கச்சான் வேறு, அது நிலக்கடலை. பையன் இந்த இரண்டையும் ஒரே வசனத்தில் வைத்து விளையாடினால் நான் பத்துக்கு எட்டுக் கொடுப்பேன்.

கரை என்ற ஒரு சொல்லே போதும் ஒரு பக்கம் நிரப்ப. கப்பல் கரைதட்டும், பிள்ளைகளைப் பெற்றவர் கரையேற்றுவார், சேலைக்கும் கரை உண்டு, காகமும் கரையும். நாங்கள் நாளுக்குப் பத்துத் தரம் சொல்லும் கரைச்சலும் கரைதலிலிருந்து வந்தது போலத்தான் எனக்குத் தெரிகிறது. அலை மாதிரி வந்து வந்து ஆளைக் கரைக்கும் தொல்லை என்று நானாக வைத்திருக்கும் விளக்கம், அதைக் கட்டுரையில் போட வேண்டாம்.

அப்புறம் ஒன்று. கேள்வியில் மூன்றாவது வரியில் ‘கடற்கறை’ என்று எழுதியிருக்கிறீர்கள். பெரிய ‘ற’ போட்டால் அது அழுக்கு. திருத்திவிடுங்கள்.