ஹார்ட் ஃபெயிலியர்னா ஹார்ட் நின்னுடுச்சுன்னு அர்த்தமா? டாக்டர் பதில்கள்

கேள்வி: அப்பா டிஸ்சார்ஜ் சம்மரில "ஹார்ட் ஃபெயிலியர்"னு போட்டிருக்கு. ஆனா அவர் நல்லா நடக்கிறார், பேசறார். ஒண்ணும் புரியல டாக்டர்.

பதில்: ஹார்ட் நிக்கலங்க, துடிச்சிட்டுதான் இருக்கு, உடம்புக்கு வேண்டிய அளவு ரத்தத்த தள்ள முடியாம திணறுது, அதுக்குத்தான் அந்த பேரு. எக்கோ (ஹார்ட் ஸ்கேன்) ரிப்போர்ட்ல இ.எஃப்., அதாவது ஹார்ட் தன்கிட்ட நிரம்புற ரத்தத்துல ஒவ்வொரு துடிப்புலயும் எத்தனை சதவீதத்த வெளிய தள்ளுதுங்கிற கணக்கு, 60னு பார்த்துட்டு நூத்துக்கு அறுபதுதானான்னு அழுதவங்கள நிறைய பார்த்திருக்கேன், பரீட்சை மார்க் இல்லங்க அது, நார்மலே 55லேர்ந்து 70 வரைக்கும்தான். அப்பாவுக்கு தினம் காலைல எழுந்து பாத்ரூம் போயிட்டு வந்ததும் வெயிட் பாருங்க. 2, 3 நாள்ல 2 கிலோ ஏறுச்சுன்னா தண்ணி தேங்குது, உடனே டாக்டர்கிட்ட போங்க. படுத்தா மூச்சு வாங்குனாலும் அப்படித்தான். உப்பு தண்ணிய தேக்கும், அதனால ஊறுகா, அப்பளம், கருவாடு வேணாம். நல்லா இருக்காரேன்னு மாத்திரைய மட்டும் நிறுத்திடாதீங்க, ப்ளீஸ்.

கேள்வி: மாமாவுக்கு மஞ்சக்காமாலை. பச்சிலை குடுக்கிற இடத்துக்கு போனா போதும்னு வீட்ல சொல்றாங்க.

பதில்: காமாலைங்கிறது தனி நோய் இல்ல, ரத்தத்துல பிலிருபின்ங்கிற மஞ்சள் கழிவுப்பொருள் ஏறியிருக்குங்கிறதுக்கு அறிகுறி. ஹெபடைடிஸ் ஏ வைரஸ்னால வந்திருந்தா பெரும்பாலும் சில வாரத்துல தானாவே சரியாயிடும், பேரு பச்சிலைக்கு போயிடும். ஆனா பித்தக்குழாய்ல கல்லு அடைச்சிருந்தாலும், எலிக்காய்ச்சல் முத்தினாலும் இதே மஞ்சள்தான் கண்ணுல தெரியும், அங்க நாள கடத்துனா உயிருக்கே ஆபத்து. மலம் வெளுத்துப்போய் உடம்பெல்லாம் அரிக்குதான்னு மாமாவ கேளுங்க, அப்படின்னா அடைப்பு இருக்க வாய்ப்பு அதிகம். முதல்ல எல்.எஃப்.டி.யும் (கல்லீரலுக்கான ரத்தப் பரிசோதனை) வயித்து ஸ்கேனும் எடுங்க.

கேள்வி: மார்பு கட்டி பயாப்ஸில "மாலிக்னன்சி நெகட்டிவ்"னு வந்திருக்கு. ரொம்ப பயமா இருக்கு.

பதில்: எடுத்த சதையில கேன்சர் இல்லைன்னு அர்த்தம்மா. நல்ல செய்தி. ரிப்போர்ட்ட சர்ஜன்கிட்ட காட்டிடுங்க.

கேள்வி: பாட்டிக்கு இடுப்புல ஒரு பக்கமா கொப்புளம், எரிச்சல். அக்கின்னு காவி எழுத கூட்டிட்டு போகவா? பக்கத்துல இருக்கிறவங்களுக்கு ஒட்டுமா?

பதில்: நீங்க சொல்றத வச்சு பார்த்தா அக்கி மாதிரிதான் இருக்கு. சின்ன வயசுல வந்த சின்னம்மை வைரஸ் நரம்புல பதுங்கியிருந்து திரும்ப கிளம்புறது. காவி பூசுறதுல வைரஸ் குறையாது. கொப்புளம் வந்த 72 மணி நேரத்துக்குள்ள ஆன்ட்டிவைரல் மாத்திரை ஆரம்பிச்சாதான் நல்ல பலன், வயசானவங்களுக்கு கொப்புளம் ஆறுனப்புறமும் மாசக்கணக்குல நரம்பு வலி நீடிக்கலாம், அது ரொம்ப கொடுமை. சின்னம்மை வராதவங்க, முக்கியமா கர்ப்பிணிகள், கொப்புளத் தண்ணி படாம தள்ளி இருக்கட்டும். நெத்தியிலயோ மூக்கு நுனியிலயோ வந்தா கண்ணு போயிடலாம், அன்னைக்கே கண் டாக்டர்.